வளைந்து கொடுக்கும் நூல்

இரண்டரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத நைலான் நூல் அது. பதினைந்து சென்டிமீட்டர் நறுக்கி உள்ளங்கையில் வைத்தால் ஒரு கிராம் எடை வராது; விரல் பட்டால் வளையும். அதே துண்டைப் புல்வெட்டும் மெஷினின் தலையில் மாட்டி நிமிடத்துக்கு 6000 சுற்று சுழலவிட்டால், நுனி மணிக்கு ஏறத்தாழ 450 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அப்போது அதை வெளிப்பக்கம் இழுக்கும் விசை, நான்கு கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். இழுபட்ட நூல் விறைத்து நின்று, முழங்கால் உயரப் புல்லைச் சாய்க்கிறது. எஞ்சின் நின்ற சில நொடிகளில் மறுபடியும் பழைய துவண்ட நூல்தான்.

நூலுக்குப் பதிலாக மாட்டும் இரும்புத் தகடு எதிர்ப்பட்டதை எல்லாம் வெட்டப் பார்க்கும். வெட்ட முடியாத இடத்தில் துள்ளும். நூல் புல்லிடம் வெல்லும், மரத்திடமும் கல்லிடமும் தோற்கும். தோற்கும்போது வளைகிறது, தேய்கிறது, அறுந்துபோகிறது. எதை வெல்ல வேண்டும், எதனிடம் தோற்க வேண்டும் என்பதை நூலின் தடிமனையும் வடிவத்தையும் வைத்து நாமே தீர்மானிக்கலாம். இந்தக் கருவியைப் பற்றி நான் ரசிக்கிற எல்லாமே அந்தத் தீர்மானத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

இது பிறந்ததும் மரப்பட்டையைக் காப்பாற்றும் கவலையில்தான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து ஜார்ஜ் பாலாஸ், காரை இயந்திரத்தால் கழுவும் இடத்தில் சுழலும் பிரஷ்களைக் கவனித்தார். காரின் பெயின்ட் கீறாமல், மூலை முடுக்கெல்லாம் வளைந்து புகுந்து அவை அழுக்கை எடுத்தன. தம் வீட்டு மரங்களைச் சுற்றி வளர்ந்த புல்லைப் பட்டை காயப்படாமல் வெட்ட வழி தேடிக்கொண்டிருந்தவருக்கு அதில் விடை கிடைத்தது. 1971-இல் ஒரு தகர டப்பாவில் துளை போட்டு, மீன்பிடி நூலைக் கோத்து, புல்விளிம்பு நறுக்கும் இயந்திரம் ஒன்றில் பொருத்திச் சுழலவிட்டார். உலகெங்கும் பரவிய நூல் மெஷினுக்கு அதுதான் தொடக்கம்.

குமரி மாவட்டத்து மண்ணில் இந்தக் கருவி வேரூன்றியதில் வியப்பில்லை. தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நன்றாகக் கிடைக்கும் மாவட்டம் இது. ஆனி, ஆடிச் சாரலில் ஒருமுறையும் ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு முறையும் புல் பொங்கி எழும். கன்னிப்பூ நெல்லும் கும்பப்பூ நெல்லும் விளையும் வயல்களின் வரப்பு, அனந்தனாறு சானல்கரை, தென்னை நிற்கும் விளை, கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர்ச் சரிவு என்று இடத்துக்கு இடம் புல்லின் சுபாவம் வேறு. 1984-இல் தொடங்கி நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும், அவற்றுக்கு வெளியே பரந்து கிடக்கும் சிறு விவசாயிகளின் ரப்பர் விளைகளும் இந்த மலையடிவாரத்தில்தான் இருக்கின்றன. மழை இப்படிப் பெய்யும் சரிவில் மண்வெட்டியால் களை கொத்தினால் மேல்மண் நீரோடு இறங்கிவிடும். நூல் தரைக்கு மேலே வெட்டுகிறது. வேர் மண்ணைப் பிடித்தபடி உள்ளே இருக்கிறது. வெட்டுண்ட புல் அங்கேயே விழுந்து மண்ணுக்கு மூடாக்காகிறது.

நூலைத் தேர்ந்தெடுக்கக் கடைக்குப் போகிறவர் முதலில் தம்முடைய மெஷினை நினைத்துக்கொள்ள வேண்டும். 2.0, 2.4, 2.7, 3.0 மில்லிமீட்டர் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். 2.4-க்கும் 3.0-க்கும் அரை மில்லிமீட்டர் சொச்சம்தானே என்று தோன்றும். எடையில் அந்த வித்தியாசம் பெரிது. நூலின் எடை தடிமனின் வர்க்கத்தில் கூடுவதால், 3.0 நூல் அதே நீளமுள்ள 2.4 நூலைவிட ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலே கனக்கும். அந்தக் கனத்தைச் சுழற்றுவது எஞ்சின். 25 சி.சி. சிறு எஞ்சினில் 3.0 நூலைப் பூட்டினால் சுற்று குறையும். சுற்று குறைந்தால் நுனிவேகம் குறையும். வேகம் குறைந்த தடித்த நூல் புல்லை வெட்டாமல் அடித்துப் படுக்க வைக்கும். கிளட்ச் சூடாகும். தலைக்கும் எஞ்சினுக்கும் எந்த அளவு பொருந்தும் என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதுதான் மேல் எல்லை.

வீட்டு முற்றத்துப் புல்லுக்கும் பூச்செடி ஓரத்துக்கும் 2.0 போதும். வரப்புக்கும் தென்னை விளைக்கும் 2.4 அல்லது 2.7. தண்டு முற்றிய புல் மண்டிய ரப்பர் விளைக்கு, 35 சி.சி.க்குக் குறையாத எஞ்சினில் 3.0. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் கம்யூனிஸ்ட் பச்சை என்று சொல்லும் செடி கட்டைத் தண்டாக முற்றிவிட்டாலோ, உண்ணிச்செடி புதராக ஏறிவிட்டாலோ நூலை அங்கே வதைக்கக் கூடாது. அது பிளேடுக்கான வேலை. நூலின் வேலை எங்கே முடிகிறது என்று தெரிந்திருப்பதும் நூலை அறிந்ததில் சேர்த்திதான்.

அடுத்தது குறுக்குவெட்டு. உருண்டை நூலில் விளிம்பே கிடையாது. வேகத்தால் மட்டுமே வெட்டும். கல்லில் உரசினாலும் சுற்றிலும் சமமாகத் தேயும், சட்டென்று அறுந்துவிடாது. சதுர நூலுக்கு நான்கு விளிம்பு, நட்சத்திர நூலுக்கு அதைவிடக் கூடுதல். பச்சைத் தண்டை இவை சுத்தமாக நறுக்கும். வெட்டிய புல்லின் நுனியை எடுத்துப் பார்த்தால் தெரியும்: உருண்டை நூல் வெட்டியது நார்நாராகப் பிய்ந்து மறுநாள் வெளுத்திருக்கும், சதுர நூல் வெட்டியது மழுங்காமல் நேராக நிற்கும். ஆனால் விளிம்புகள் மழுங்கிவிட்டால் சதுரமும் உருண்டையாகிவிடும். முறுக்கு நூலில் காற்று சீராகப் பிரிவதால் சீழ்க்கைச் சத்தம் தணிகிறது. எஞ்சினுக்கும் பாரம் குறைகிறது. கல்லும் ஓடும் கிடக்கிற வேலியோரத்துக்கு உருண்டை, கல்லில்லாத தென்னை விளைக்குச் சதுரம், வீடுகள் நெருங்கிய இடத்துக்கு முறுக்கு நூல் என்று பிரித்து வைத்துக்கொள்ளும் தொழிலாளி எனக்கு மிகுந்த மரியாதைக்குரியவர். தன் நிலத்தையும் அண்டை வீட்டுக்காரரின் காதையும் ஒருசேர நினைத்தவர் அவர்.

நூலுக்குத் தாகம் உண்டு. நைலான் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய நைலானுக்கு இளக்கம் கூடும். பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் மாதக்கணக்கில் கிடந்த சுருள் காய்ந்து முறுகியிருக்கும். அதை அப்படியே பூட்டினால் கண்ணியில் மாட்டிய இடத்திலேயே ஒடிந்து ஒடிந்து விழும். முந்தின நாள் மாலை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிட்டால் மறுநாள் காலை அதே நூல் வளைந்து கொடுக்கத் தொடங்கும். கல்லில் பட்ட அடியை ஒடியாமல் வாங்கிக்கொள்ளும் இளக்கம் அதற்கு வந்திருக்கும். காசில்லாமல் செய்யக்கூடிய இந்த ஒரு பக்குவம், பல சுருள் நூலை மிச்சப்படுத்தும்.

சுற்றும் முறையிலும் நயம் இருக்கிறது. தட்டினால் நூல் இறங்கும் தலையில் இரண்டு நுனிகள். நூலை நடுவில் மடித்து, சுருளின் நடுத்தடுப்பில் இருக்கும் பள்ளத்தில் மடிப்பை மாட்டி, அம்புக்குறி காட்டும் திசையில் இரண்டு அறைகளிலும் ஒரே இழுவையோடு சுற்ற வேண்டும். கிணற்று வாளிக் கயிற்றை வரிசை பிசகாமல் சுருட்டி வைக்கும் கையின் ஒழுங்கு இதற்கு வேண்டும்: ஒரு சுற்றின் பக்கத்தில் அடுத்த சுற்று, ஒரு வரிசை முடிந்த பிறகே அதன்மேல் அடுத்த வரிசை. ஒரு இடத்தில் குறுக்கே ஏறிவிட்டால், தட்டும்போது மேல்சுற்று கீழ்ச்சுற்றை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். தளர்வாகச் சுற்றினால் உள்ளே உராய்ந்து சூடேறி, நூலும் நூலும் உருகி ஒட்டிவிடும். நுனியைச் சாய்வாக நறுக்கினால் துளையில் சுலபமாக நுழையும். இரு நுனிகளும் சமநீளத்தில் நிற்க வேண்டும். ஒன்று குட்டையானால் தலை நடுங்கும், அந்த நடுக்கம் தண்டு வழியே மணிக்கட்டுக்கு வரும்.

வேலை தெரிந்தவரின் காது நூலின் நீளத்தை அளக்கிறது. நூல் தேயத் தேய எஞ்சினின் பாரம் குறைந்து சத்தம் கீச்சென்று ஏறும். அந்த ஏற்றம் கேட்டதும் தலையை மெத்தென்ற மண்ணில் ஒருமுறை தட்டுவார். நூல் இறங்கி, மிஞ்சியதைப் பாதுகாப்பு மூடியில் இருக்கும் சிறு கத்தி நறுக்கிவிட, சத்தம் பழைய சுருதிக்குத் தணியும். குனிந்து பார்க்காமலே, காதடைப்பானுக்கு உள்ளிருந்தே அவர் இதைச் செய்கிறார். தட்டும் இடம் கல்லாக இருந்தால் தலையின் அடிக்குமிழ் உடைந்துபோகும். அதனால் தட்டுவதற்குப் புல்தரையைத் தேடும் கண்ணும் கூடவே வேலை செய்கிறது.

வெட்டுவது நூலின் கடைசி இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். அங்கேதான் வேகம் உச்சத்தில் இருக்கிறது. தலையைப் புல்லுக்குள் திணித்தால் நடுநூல் தண்டுகளில் சிக்கி, புல் மெஷினின் தண்டைச் சுற்றிக்கொண்டு எஞ்சின் திணறும். நேர்த்தண்டு மெஷின்களில் பெரும்பாலானவை மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுழல்பவை. ஆகவே வலமிருந்து இடமாக வீசி வெட்டினால் புல் இடப்பக்கம், ஏற்கனவே வெட்டிய தரையில் போய் விழுகிறது. அடுத்த வீச்சுக்கு முன்னால் மறைப்பு இல்லை. அந்த வீச்சும் கையிலிருந்து வருவதில்லை. பெல்ட்டின் நீளம் சரியாக இருந்தால் எடை தோளிலும் இடுப்பிலும் தங்கும்; இடுப்பு திரும்ப மெஷின் கூடவே திரும்பும்; கைகள் வழிகாட்டுவதோடு சரி. சரிவில் மேலும் கீழுமாக ஏறி இறங்காமல் குறுக்காக, வெட்டிய தரையில் கால் ஊன்றி நகர்வார்கள்.

பட்டைக்கு வருகிறேன். மரத்திடம் தோற்கும் நூல், கன்றிடமும் தோற்கும் என்று நம்பிவிடக் கூடாது. ரப்பர் கன்று பால் வெட்டும் பருவத்துக்கு வர ஏழு ஆண்டு ஆகும். பால்வெட்டுகிறவர் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுத்து, உள்ளே இருக்கும் வளர்ச்சிப் படலத்தைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மிச்சம் விடுகிறார். பால்குழாய்கள் நெருங்கியிருப்பது அந்த ஓரத்தில்தான். அப்படிப் பேணப்பட வேண்டிய பட்டையை, இளம் பருவத்தில் நூல் சுற்றிலும் உரித்துவிட்டால் கன்று பட்டுப்போகும். தென்னைக்குக் காயத்தை மூடி வளர்க்கும் படலமே இல்லை. விழுந்த தழும்பு கடைசிவரை இருக்கும். இளந்தென்னையின் காயத்து வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கும். மட்டி, செவ்வாழை, ஏத்தன் எதுவானாலும் வாழைத்தண்டில் நூல் பட்ட கிழிசல், தண்டுக் கூன்வண்டுக்குத் திறந்த வாசல். ஆகையால் கன்றைச் சுற்றி ஒரு முழம் தூரத்துக்கு அரிவாளும் கையும்தான். அதற்கு அப்பால் நூல் தொடங்கட்டும். மாட்டுக்கு அறுக்கும் புல்லிலும் நூலைப் பயன்படுத்த வேண்டாம். மண்ணோடும் நைலான் துணுக்கோடும் குழைந்த புல்லை எந்த மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது.

நூல் வளைந்து கொடுக்கும். அது எறியும் கல் வளையாது. இந்த மெஷினின் ஆபத்து முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. புல்லுக்குள் கிடக்கும் ஜல்லி, ஓட்டாஞ்சில்லு, பாட்டில் துண்டு, வேலிக்கம்பித் துணுக்கு ஆகியவற்றை நுனி தொட்டால் எந்தத் திசையிலும் பறக்கும். அதனால்தான் சுற்றிலும் 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது என்கிறார்கள். "மக்களே, அந்தத் தென்னைக்கு அங்கே போய் நில்லு" என்று வேடிக்கை பார்க்கும் பிள்ளையை அனுப்பிவிட்டே ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கும் பெரியவர்களின் வழக்கம் எல்லோருக்கும் வர வேண்டும். அப்படியும் யாராவது வட்டத்துக்குள் வந்துவிட்டால், ஆக்சிலேட்டரை விட்டு, எஞ்சினை நிறுத்தி, தலை சுழன்று ஓயும்வரை அசையாமல் நிற்பதுதான் முறை.

உடையிலும் சில விஷயங்கள் விட்டுக்கொடுக்க முடியாதவை. மடித்துக் கட்டிய சாரமும் வெறுங்காலும் இந்த வேலைக்கு ஆகாது. முழுக்கால் சட்டை, முழங்கால்வரை வரும் காப்பு, தடித்த பூட்ஸ் வேண்டும். முகத்துக்கு வலைமூடி போட்டாலும் அதற்குள்ளே கண்ணாடியும் வேண்டும். வலைக்கண்ணில் நுழையும் மணல் கண்ணுக்குள் போகாமலிருக்க அதுதான் காவல். கழுத்தில் தொங்கும் தோர்த்தை அவிழ்த்து வைத்துவிட வேண்டும். எஞ்சின் சத்தம் நாள் முழுக்கக் காதருகே இருப்பதால் காதடைப்பான் கட்டாயம். போன கேள்வித்திறன் திரும்பாது. விரல்கள் மரத்து வெளுக்கத் தொடங்கினால், அதிர்வு நரம்புகளைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்பே இடையிடையே மெஷினை இறக்கி வைத்துக் கையை உதற வேண்டும்.

நூலின் நற்குணத்தைக் கெடுக்கும் இரண்டு பழக்கங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, நூல் அடிக்கடி தேய்கிறது என்று பைக் கேபிளையோ கட்டுக்கம்பியையோ தலையில் கோப்பது. கம்பிக்குத் தோற்கத் தெரியாது. கல்லில் பட்டு ஒடிந்த துண்டு, நுனிக்கு இருந்த அதே வேகத்தோடு ஒரு மனிதனின் உடம்பைத் தேடிப் போகும். இன்னொன்று, அகலமாக வெட்டலாம் என்று பாதுகாப்பு மூடியைக் கழற்றுவது. மூடி போனால் கல்லுக்கும் காலுக்கும் இடையே எதுவும் இல்லை. நூலை நறுக்கும் கத்தியும் அதோடு போய்விடுவதால், நீண்ட நூல் எஞ்சினைத் திணறடித்துச் சூடாக்கும். மூடியின் ஒவ்வொரு கீறலும் ஒரு கால் தப்பித்ததன் அடையாளம். அதைக் கழற்ற மனம் வரக் கூடாது.

எண்ணெயிலும் அளவு உண்டு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 50-க்கு 1 என்று சொல்லியிருந்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய். 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கண்மதிப்பு வேண்டாம், அளவுக்குப்பி வேண்டும். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் பிளக் கரியேறும். ஹோண்டாவின் 35.8 சி.சி. ஜிஎக்ஸ்35 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்குக் கலப்பே கிடையாது. எண்ணெய்க்குத் தனி அறை. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும். மழைமாதத்தில் கலந்து வைத்ததை வாரக்கணக்கில் வைத்திருக்காமல், அன்றன்றைக்கு வேண்டியதைக் கலப்பது நல்லது. சூடு ஆறாமல் பெட்ரோல் ஊற்றக் கூடாது. ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப் போய்த்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். தலையில் சுற்றிய கொடியை எடுக்கும்முன் எஞ்சினை நிறுத்தி, பிளக் மூடியையும் கழற்றிவிட வேண்டும்.

தேய்ந்த நூல் எங்கே போகிறது என்ற கேள்வியும் எனக்கு முக்கியம். அது வெட்டிய இடத்திலேயே, பொடியாக, மண்ணில் கிடக்கிறது. நைலான் மக்காது. வரப்பில் உதிர்ந்தது வயலுக்கும், சானல்கரையில் உதிர்ந்தது பழையாற்றுக்கும், அங்கிருந்து மணக்குடிக் கடலுக்கும் போகக்கூடும். சரியான தடிமன், ஊறிய நூல், நுனியால் வெட்டும் பழக்கம், கல்லிலும் சுவரிலும் உரசாத கை ஆகிய எல்லாமே நூலைத் தேயாமல் காக்கின்றன. ஆகவே அவை காசுச் சிக்கனம் மட்டுமல்ல, மண்ணுக்குச் செய்யும் மரியாதையும்தான். ஒடிந்து விழுந்த நீளத் துண்டுகளை வேலை முடிந்ததும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வது, அந்த மரியாதையின் தொடர்ச்சி.

இவ்வளவு நுட்பமும் தொழிலாளியின் கையில் இருக்க, அவரை அழைக்கும் விளைக்காரர்கள் மணிக்கணக்கை மட்டும் பார்ப்பது நியாயமில்லை. மெஷின் ஓடும் நேரத்துக்குக் கூலி என்று பேசிவிட்டால், புல்லுக்குள் இறங்கிக் கல் பொறுக்கவும் குளவிக்கூடு பார்க்கவும், கன்றைச் சுற்றி அரிவாளால் துப்புரவு செய்யவும் ஆகும் நேரம் அவருடைய நஷ்டமாகிவிடுகிறது. அந்த நஷ்டத்தைத் தவிர்க்க அவர் நேராக மெஷினை இழுப்பார், கல் பறக்கும். ஆகவே அடுத்த மழைக்குப் பிறகு புல்வெட்ட ஆளைக் கூப்பிடும்போது, முகமூடி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள். மெஷின் ஓடுவதற்கு முந்தைய அந்த அரைமணி நேரத்தையும் கூலியில் எழுதிக்கொள்ளுங்கள்.